நாவல் மரமும் சத்தமாய்ப் படித்த அணிலும்

ஒரு காட்டில் ஒரு நாவல் மரம் இருந்தது. அதில் செங்கமலம் என்ற அணில், புருஷன் நல்லமுத்துவோடும் ஓயாமல் ஒன்றை ஒன்று கடித்துக்கொள்ளும் குட்டிகளோடும் குடியிருந்தாள். அந்தக் காட்டுக்கு ராஜாவாக ஒரு சிங்கமும் உண்டு. சிங்கம் இல்லாமல் நீதிக்கதையா என்று சிலர் சண்டைக்கு வருவார்கள், அதனால் சொல்லிவைத்தேன். இனிமேல் அது இந்தக் கதையில் வராது. அதற்கு வேறு வேலை இருக்கிறது.

வினை வந்தது குடியிருப்பு இலாகாவிலிருந்து. மரத்தில் இனிமேல் யாரும் சும்மா குடியிருக்க முடியாது, மரத்தைப் பற்றிப் படித்துப் பரீட்சை எழுத வேண்டும், ஒரு மரத்துக்கு எத்தனை பேர் எழுதினாலும் சரி, அதிக மதிப்பெண் வாங்கியவருக்கே அந்த மரம் என்று தண்டோரா போட்டார்கள். 'மரவாசிகள் கையேடு' என்று தலையணை கனத்துக்கு ஒரு புத்தகமும் கொடுத்தார்கள். மீன்கள் தங்களுக்கு விலக்கு வேண்டும் என்று மனுக் கொடுத்தன. மனு பரிசீலனையில் இருக்கிறது.

நுழைவுச்சீட்டு கொடுக்கும் மேஜையை, நல்ல நிழல் என்று, அதே நாவல் மரத்தடியில் போட்டார்கள். அங்கே பெரியகருப்பன் என்ற கரடி தூங்கிக்கொண்டிருந்தார். உதிரும் நாவல் பழத்தைத் தின்பதும், தின்ற இடத்திலேயே தூங்குவதும்தான் அவருடைய வேலை. அவருக்குப் பின்னால் வரிசை நின்றது. மேஜையில் இருந்த குரங்கு நிமிர்ந்து பார்த்தது. வரிசையில் முதல் ஆள், எந்த மரத்தின் கீழே படுத்திருக்கிறாரோ அந்த மரத்துக்குத்தான் வந்திருப்பார் என்று முடிவு செய்து, ஒரு சீட்டை எழுதி அவர் வயிற்றில் ஒட்டிவிட்டது. அரசாங்க வேலை அப்படித்தான் சுறுசுறுப்பாக நடக்கும்.

கரடி எழுந்ததும் வயிற்றைப் பார்த்துவிட்டு, மேலே செங்கமலத்தைப் பார்த்துக் கேட்டார். "என்ன தங்கச்சி இது?"

"பரீட்சைச் சீட்டுண்ணே. என் மரத்துக்கு நீங்களும் எழுதப் போறீங்களாம்."

"அங்க சாப்பாடு போடுவாங்களா?"

செங்கமலத்துக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. போட்டிக்கு இருப்பது இந்த ஒரே ஆள். இவர் எங்கே படித்து எங்கே எழுதப் போகிறார் என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் பயம் விடவில்லை. குட்டிகளை வைத்துக்கொண்டு மரம் போனால் எங்கே போவது? புதருக்குள் பாம்பு, வெட்டவெளியில் பருந்து.

அதனால் அவள் பவளம் என்ற கிளியிடம் போனாள். பவளம் முன்பு ஊருக்குள் ஒரு பயிற்சி மையத்தின் ஜன்னலில் கூண்டில் இருந்தவள். அங்கே வாத்தியார்கள் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு வந்து, காட்டில் 'படிப்புப் பழக்க ஆலோசகர்' என்று பலகை மாட்டியிருந்தாள். அவள் ஒரு பரீட்சையும் எழுதியதில்லை. ஆலோசனை சொல்ல அது தேவையுமில்லை, நம் ஊரில் மட்டும் என்ன வாழ்கிறதாம்.

"விடிகாலை எழுந்து சத்தமா படி. படிச்சதைக் குறிப்பெடு. முக்கியமானதுக்குச் செம்பருத்திச் சாறுல அடிக்கோடு போடு. அப்புறம் நல்லாத் தூங்கு. தூங்கும்போதுதான் படிச்சது மண்டையில உக்காரும்" என்றாள் பவளம்.

"தூங்கினா எப்பக்கா படிக்கிறது?" என்றாள் செங்கமலம்.

"அதைத்தான் எல்லாரும் கேக்கிறாங்க" என்று சொல்லிவிட்டுப் பவளம் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

மறுநாள் விடிகாலை செங்கமலம் மேல் கிளையில் உட்கார்ந்து ஆரம்பித்தாள். அவள் குரலைப் பற்றி என்னத்தைச் சொல்ல. பக்கத்து மரத்து மரங்கொத்தி வேலையை விட்டுவிட்டு வேறு மரம் தேடிப் போயிற்று. "மரவாசிகளின் கடமைகள் யாவை? பிஞ்சைப் பறிக்கக் கூடாது. டேய், அண்ணன் வாலைக் கடிக்காத. காய்ந்த கிளையில் கூடு கட்டக் கூடாது. என்னங்க, இந்தச் சின்னவளைக் கொஞ்சம் பிடிங்க." இப்படியே போகும். கீழே பெரியகருப்பன் ஒரு கண்ணைத் திறந்து, மூடி, புரண்டு படுத்துக்கொள்வார். அவர் யாரிடமும் ஆலோசனை கேட்டதில்லை.

படித்ததையெல்லாம் தேக்கு இலைகளில் குறிப்பெடுத்தாள். குறிப்பு நீளமாக இருக்கிறது என்று அதற்கு ஒரு குறுங்குறிப்பு எடுத்தாள். செம்பருத்திச் சாற்றால் அடிக்கோடு போட்டுப் போட்டு ஒவ்வொரு இலையும் முழுசும் சிவந்துபோனது. எல்லாமே முக்கியமாய் இருந்தால் பாவம் அவள்தான் என்ன செய்வாள்.

இங்கேதான் அணில் புத்தி வேலை செய்தது. அணிலுக்குக் கையில் நல்ல பொருள் ஏதாவது கிடைத்தால் கால் தானாக மண்ணைப் பறிக்கும். குறிப்பு எழுதிய இலைகளை அவள் ஒவ்வொன்றாகக் கொண்டுபோய், ஒன்றை ஓடைக்கரையில், ஒன்றைப் புற்றுக்குப் பக்கத்தில், ஒன்றைப் புளியமரத்தடியில் என்று புதைத்து, மேலே மண்ணைத் தட்டிவிட்டு வந்தாள். புதைத்ததும் மனசு லேசாகிவிடும்.

"ஞாபகம் இருக்கா செங்கமலம், நேத்துப் படிச்சது?" என்பார் நல்லமுத்து.

"அதான் எழுதிப் பத்திரமா வெச்சாச்சே. அப்புறம் எதுக்கு அதை மண்டையிலயும் தூக்கிட்டுத் திரியணும்?"

பரீட்சைக்கு முந்தின நாள் ஒரு தடவை எல்லாவற்றையும் புரட்டிப் பார்க்கலாம் என்று தோண்டப் போனாள். ஓடைக்கரையில் போன வருஷத்து வேப்பங்கொட்டை வந்தது. புற்றுக்குப் பக்கத்தில் எவனோ புதைத்த எலும்பு வந்தது. புளியமரம் எந்தப் புளியமரம் என்றே தெரியவில்லை. காடு முழுக்கக் குழி பறித்துவிட்டு, மூக்கெல்லாம் மண்ணோடு வீடு திரும்பினாள். அன்றைக்கு அவள் தூங்கவில்லை. நல்லமுத்து கொடுத்த கொட்டையையும் தின்னவில்லை.

பரீட்சை பாறை மேட்டில் நடந்தது. மேற்பார்வைக்கும் திருத்துவதற்கும் சேர்த்து ஒரே ஒரு யானை அதிகாரி. கேள்வித்தாளை வாங்கிய செங்கமலத்துக்கு எல்லாக் கேள்வியும் தெரிந்த கேள்வியாகவே இருந்தது. பதில் எந்த இலையில் இருக்கிறது, எந்த வரியில் இருக்கிறது, அந்த வரியின் ஓரத்தில் சின்னவள் கடித்த ஓட்டை எவ்வளவு பெரியது என்பது வரைக்கும் ஞாபகம் வந்தது. வரியில் என்ன இருந்தது என்பது மட்டும் வரவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கரடி கையைத் தூக்கினார். "ஐயா, கூடுதல் இலை."

பரீட்சை எழுதியவர்களுக்குத் தெரியும், பக்கத்தில் ஒருத்தர் கூடுதல் தாள் கேட்டால் எப்படி இருக்கும் என்று. கரடி மறுபடியும் கேட்டார். மறுபடியும் வாங்கினார். செங்கமலத்துக்குக் கண்ணில் நீர் கோர்த்து எழுத்தே தெரியவில்லை.

முடிவு சொல்லும் நாளில் யானை அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு, நாவல் மரம் பெரியகருப்பனுக்கு என்றார். அதோடு விடாமல், இப்படி ஒரு பதிலைத் தன் சர்வீஸிலேயே பார்த்ததில்லை என்று வாசித்தும் காட்டினார்.

"மரவாசிகளின் கடமைகள். பிஞ்சைப் பறிக்கக் கூடாது. டேய், அண்ணன் வாலைக் கடிக்காத. காய்ந்த கிளையில் கூடு கட்டக் கூடாது. என்னங்க, இந்தச் சின்னவளைக் கொஞ்சம் பிடிங்க." யானை இலையைத் தாழ்த்தினார். "புத்தகத்தில் இருப்பதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். இவர் குடும்பப் பொறுப்போடு எழுதியிருக்கிறார். அதற்குத் தனி மதிப்பெண்."

கூட்டத்தில் இருந்த சின்னவள் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று சந்தோஷப்பட்டாள். செங்கமலம் முன்னால் ஓடினாள்.

"ஐயா, அது நான் படிச்சதுங்க. என் குரலுங்க அது."

"இருக்கலாம்மா. நீங்க எழுதினது என்ன?" என்று யானை அவளுடைய இலையைத் தேடி எடுத்தார். அதில் ஒவ்வொரு கேள்விக்கும் கீழே ஒரே மாதிரி எழுதியிருந்தது: இதற்கான பதில் தேக்கு இலையில், மேலிருந்து மூன்றாவது வரியில், சிவப்பு அடிக்கோட்டோடு உள்ளது.

"அந்த இலை எங்கம்மா?"

"புதைச்சு வெச்சிருக்கேங்க."

"எங்க?"

செங்கமலம் சுற்றிலும் காட்டைப் பார்த்தாள். யானை இலையை மடித்து வைத்துவிட்டு அடுத்த மரத்தின் பெயரைப் படித்தார்.

வீட்டுக்கு வந்து கூட்டிலிருந்த பஞ்சையும் நாரையும் அவிழ்க்க ஆரம்பித்தாள். அழுகை அழுகையாக வந்தது. யார் மேலாவது கோபப்படலாம் என்றால், யாரும் ஒன்றும் தப்பாய்ச் செய்யவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. நல்லமுத்து குட்டிகளின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கீழேயிருந்து பெரியகருப்பனின் குரல் வந்தது. "தங்கச்சி, எங்க கிளம்பிட்டீங்க? எனக்கு மரம் ஏறவே சோம்பலா இருக்கு. நீங்க மேலயே இருங்க."

செங்கமலம் நாரைக் கீழே போட்டாள்.

"ஆனா ஒண்ணு" என்றார் கரடி. "அடுத்து தேனடை ஆய்வாளர் பரீட்சை வருதாம். மலைத்தேன் முழுக்க அவங்க பொறுப்புலதான். புத்தகம் வாங்கிட்டேன். நீங்க எப்பவும் போல விடிகாலையில படிங்க. போன தடவை பின்பாதியில தொண்டை கம்மிப் போச்சு உங்களுக்கு, எனக்கு அந்த இடம் சரியா விளங்கலை. இந்தாங்க, கொஞ்சம் தேன் வெச்சிருக்கேன்."

செங்கமலம் தேனை வாங்கிக்கொண்டாள். புத்தகத்தையும் வாங்கிக்கொண்டாள். வாங்கியதைப் புதைக்கத் துடித்த காலை அடக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். அணிலுக்கும் ஒரு நாள் புத்தி வரும்.

மறுநாள் விடிகாலை நாவல் மரத்திலிருந்து வழக்கம்போலப் படிக்கும் சத்தம் கேட்டது. பவளக் கிளி எட்டிப் பார்த்தாள். மேல் கிளையில் மடியில் புத்தகமும் தோளில் சின்னவளுமாக நல்லமுத்து தொண்டை கிழியப் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தேன்கிண்ணம். கீழே பெரியகருப்பன் புரண்டு படுத்தார். அவருடைய வயிற்றில், நுழைவுச்சீட்டு ஒட்டியிருந்த அதே இடத்தில், வாலைப் போர்த்திக்கொண்டு செங்கமலம் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பரீட்சைக்கு அவளும் மனுப் போட்டிருந்தாள்.

நீதி: பரீட்சையில் வெல்ல விரும்புபவர், நன்றாகப் படிக்கிற ஒருவரைத் தேடிப் பிடித்து, அவர் படிக்கும் இடத்துக்குக் கீழே நன்றாகத் தூங்க வேண்டும். அப்படி ஒருவரும் கிடைக்காவிட்டால் கல்யாணம் செய்துகொள்ளவும்.