வேகத்தடைக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் கார்

எங்கள் தெருவுக்கு ஒரு வேகத்தடை வேண்டும் என்று நாங்கள் கேட்டது தவறு என்று இன்றுவரை எந்த அதிகாரியும் எழுத்தில் கொடுக்கவில்லை. வாயால் சொன்னவர்கள் உண்டு.

தெரு நீளமானது, நேரானது. என் நகல் கடைக்கு நேர் எதிரே தையற்கார அக்காவின் கடை. தெருவில் குழிகள் ஏராளம். இருந்தும் நாளெல்லாம் ஸ்போர்ட்ஸ் கார்கள் குழிகளுக்கு நடுவே நெளிந்து, தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு, உறுமிக்கொண்டு பறக்கும். ஒருநாள் அப்படி ஒன்று போன வேகத்தில், தைத்து முடித்து வாசலில் மாட்டியிருந்த ஏழு சட்டைகள் கிளம்பிப் போய்ச் சாக்கடையில் இறங்கின. அன்றைக்கே அக்காவின் மாமியார் பால் வாங்கப் போனவர், தெருவைக் கடக்க முடியாமல் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டு வெறும் பாத்திரத்தோடு திரும்பி வந்தார்.

"இனிமே பொறுக்க முடியாது தம்பி. ஒரு மனு எழுதிக் குடு" என்றார் அக்கா.

எழுதினேன். மூன்று பிரதி எடுத்துக்கொண்டு இருவரும் சாலை வேகக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போனோம்.

கண்காணிப்பாளர் தங்கமான மனிதர். எங்களை உட்காரச் சொன்னார். மனுவை இரண்டு முறை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். அது நல்ல அறிகுறி இல்லை என்று பக்கத்தில் நின்ற தலைமை எழுத்தரின் முகத்தைப் பார்த்தே தெரிந்தது.

"உங்க தெருவுல என்ன வண்டி ஓடுது?"

"ஸ்போர்ட்ஸ் கார் சார்."

"அங்கதான் சிக்கல். பஸ்ஸுக்கு எவ்வளவு உயரத்துல தடை கட்டணும்னு விதி இருக்கு. லாரிக்கு இருக்கு. குதிரை வண்டிக்குக்கூட இருக்கு. ஸ்போர்ட்ஸ் காருக்கு இல்லை. இல்லாத உயரத்துக்கு நான் எப்படித் தடை கட்டுறது?"

"ஒரு சாண் உயரம் போதுமே சார்" என்றார் அக்கா.

"யாரோட சாண்?"

அக்கா தன் கையை விரித்துக் காட்டினார். கண்காணிப்பாளர் எங்கள் மேல் இரக்கப்பட்டார். உயரத்தை அறிவியல் முறைப்படி கண்டறிய அலுவலகத்துக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்க வேண்டும் என்று மேலிடத்துக்கு அன்றே எழுதினார். ஒரு மூட்டை சிமெண்ட் கேட்டு எழுதினால் ஒன்றரை வருடம் கழித்துப் பதில் வரும் மேலிடம் அது. ஸ்போர்ட்ஸ் காருக்கு நாலே நாளில் அனுமதி வந்தது.

வாங்கப் போன இடத்தில்தான் வினை பிறந்தது. ஷோரூம் விற்பனையாளர் ஒரே மாதிரி இரண்டு கார்களைக் காட்டி, "இது பேஸ். இது பிரீமியம்" என்றார்.

"என்ன வித்தியாசம்?" என்று கேட்டார் கண்காணிப்பாளர்.

"எஞ்சின் ஒண்ணு, சக்கரம் ஒண்ணு, வேகம் ஒண்ணு. பிரீமியத்துல சீட் சூடாகும், குளிரும், முதுகு பிடிச்சு விடும். உள்ளே அறுபத்துநாலு கலர்ல விளக்கு எரியும். சீட்டோட தையல் சிவப்பு நூல்."

"பேஸ்ல?"

"சீட் இருக்கும் சார்."

அலுவலக ஓட்டுநர், இருபது வருடமாக அந்த அலுவலகத்தின் ஓட்டை ஜீப்பை ஓட்டுகிறவர், இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து நின்றார். "சார், ரெண்டும் ஒரே மாதிரிதான் போகுது. பிரேக் போட்டா ரெண்டும் நிக்குது. நமக்கு வேற என்ன வேணும்? பேஸையே எடுத்துடலாம்."

இந்தக் கருத்து 'கீழ்நிலைப் பணியாளரின் கேட்கப்படாத கருத்து' என்ற தலைப்பில் கோப்பில் பதிவாயிற்று.

அடுத்தது மொழிச் சிக்கல். கோப்பில் ஆங்கிலம் கூடாது. தலைமை எழுத்தர் அகராதியைப் புரட்டி, பேஸ் என்பதை 'அடிமட்ட வகை' என்றும் பிரீமியம் என்பதை 'உயர்மட்ட வகை' என்றும் எழுதினார். கண்காணிப்பாளர் படித்துவிட்டுக் கோப்பை மூடினார்.

"ஏன்யா, முப்பது வருஷ சர்வீஸ்ல என்னை அடிமட்டத்துல ஏறச் சொல்றியா?"

"அப்போ உயர்மட்டம் எடுத்துடலாம் சார்."

"எடுத்தா? எனக்கு மேல இருக்கிற இயக்குநர் என்ன கார்ல வர்றார்? அவர் காரு சீட் முதுகு பிடிக்குமா?"

"அவர் முதுகைத் திருப்பினாலே சீட் கத்தும் சார்."

"பார்த்தியா! அவருக்கு இல்லாத முதுகு சுகம் எனக்கு எதுக்குன்னு கேட்பாரே."

இன்னொரு சட்டச் சிக்கலையும் தலைமை எழுத்தரே கண்டுபிடித்தார். அந்தக் காரில் இருப்பதே இரண்டு சீட். ஒன்றில் கண்காணிப்பாளர், இன்னொன்றில் ஓட்டுநர். ஓட்டுநர் நிலையில் உள்ள பணியாளருக்கு அரசு செலவில் முதுகு பிடித்துவிட விதியில் இடமில்லை. ஓட்டுநர் பக்கம் அடிமட்டம், அதிகாரி பக்கம் உயர்மட்டம் என்று ஒரே காரில் பொருத்தித் தர முடியுமா என்று ஷோரூமுக்குக் கடிதம் போயிற்று. விற்பனையாளர் போனில், "சார், கார் என்ன பாதி பாதியா வெட்டித் தர்ற கேக்கா?" என்று கேட்டுவிட்டார். மரியாதைக் குறைவுக்காக அவரிடம் விளக்கம் கேட்கப்பட்டது.

எனவே, முடிவெடுக்கக் குழு அமைந்தது. குழுவுக்கு உதவத் துணைக்குழுக்கள் அமைந்தன. சீட் துணைக்குழுவில் யாருக்கும் தையல் தெரியாது. அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் அக்கா, "மனு என்ன சார் ஆச்சு?" என்று கேட்கப் போனார்.

"நீங்க தையற்காரங்கதானே?" என்றார் கண்காணிப்பாளர். "கடவுளே அனுப்பின மாதிரி வந்தீங்க!"

ஐந்தே நிமிடத்தில் அக்கா தையல் நிபுணராக நியமிக்கப்பட்டார். கழுத்தில் அடையாள அட்டை மாட்டினார்கள். ஜீப்பில் ஏற்றி ஷோரூமுக்குக் கூட்டிப்போனார்கள். துணைக்குப் போன என்னையும் 'நிபுணரின் உதவியாளர்' என்று எழுதிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை.

அக்கா முதலில் எங்கள் அக்காவாகத்தான் இருந்தார். சீட்டை விரலால் தடவி, தையலை இழுத்துப் பார்த்து, "நல்ல இரட்டைத் தையல்தான். ஆனா அந்தக் காருலயும் இதே தையல்தானே சார்? நூல்தான் வேற. சிவப்பு நூல் போட்டா சட்டை சீக்கிரம் உலருமா?" என்று கேட்டார். ஓட்டுநர் மட்டும் சிரித்தார்.

"உட்கார்ந்து பார்த்துச் சொல்லுங்க மேடம்" என்று விற்பனையாளர் கதவைத் திறந்தார். அக்கா உட்கார்ந்தார். விற்பனையாளர் ஒரு பொத்தானை அழுத்தினார்.

பதினெட்டு வருடமாக மெஷினில் குனிந்த முதுகு அது. அந்த முதுகைப் பற்றி இதுவரை யாரும் கேட்டதில்லை. கணவர், மாமியார், இரண்டு பிள்ளைகள், என்றைக்கும் தீபாவளிக்கு முந்தின நாள்போல அவசரப்படுத்தும் வாடிக்கையாளர்கள், எல்லோருக்கும் அக்காவிடம் வேலை இருந்தது. அக்காவுக்கு முதுகு இருப்பது யாருக்கும் தெரியாது. சீட் கதகதப்பாகி, உள்ளே ஏதோ உருண்டு, இடுப்பிலிருந்து தோள் வரை மெல்ல அமுக்கிக்கொண்டே ஏறியது. அக்கா கண்ணை மூடினார். கொஞ்ச நேரம் கழித்து மூடிய கண்ணிலிருந்து ஒரு சொட்டு வழிந்தது. உள்ளே விளக்கு ஊதாவிலிருந்து பச்சைக்கு மாறியது.

"அக்கா?" என்றேன்.

"சும்மா இரு தம்பி" என்றார்.

இருபது நிமிடம் கழித்து இறங்கி, யார் முகத்தையும் பார்க்காமல், 'சிவப்பு நூல் சாலப் பொருத்தம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அதன்பின் துணைக்குழுவின் ஆய்வு தீவிரமடைந்தது. அலுவலகத்தில் முதுகு உள்ள அனைவரும் ஷோரூமுக்கு ஆய்வுக்குப் போனார்கள். இடுப்பு வலிக்காரர்களுக்கு முன்னுரிமை. அக்கா வாரம் மூன்று நாள் போய் நூலை மறுபரிசீலனை செய்தார். கடைசியில் இயக்குநரே நேரில் வந்து, உட்கார்ந்து, உள்ளேயே தூங்கிப்போய், எழுந்ததும் உயர்மட்ட வகைக்கு அனுமதி அளித்தார்.

இதற்குள் சங்கதி தெரு முழுக்கப் பரவிவிட்டது. பேஸ் கட்சி, பிரீமியம் கட்சி என்று தெரு இரண்டாகப் பிரிந்தது. இதில் ஒருவரிடமும் சைக்கிளைத் தாண்டி வண்டி கிடையாது. சலூன்காரர் பேஸ் முடிவெட்டு, பிரீமியம் முடிவெட்டு என்று பலகை மாட்டினார். வெட்டு ஒன்றுதான், பிரீமியத்தில் தலைக்கு மேல் ஊதா விளக்கு எரியும். ஒரே வாரத்தில் பேஸ் வெட்டிக்கொள்ள ஆள் இல்லை. அக்கா எல்லாச் சட்டைக்கும் சிவப்பு நூல் போட்டார். நான் நகலின் ஓரத்தில் ஒரு கிளிப் மாட்டிப் பிரீமியம் நகல் என்றேன். வாங்கியவர்கள் வெயிலில் தூக்கிப் பிடித்து, "எழுத்தே பளிச்சுனு இருக்குல்ல?" என்று பேசிக்கொண்டார்கள்.

வீடுகளுக்குள்ளும் புகுந்தது. "என் மகன் பிரீமியம்டி, அதை மனசுல வெச்சுக்கோ" என்று அக்காவின் மாமியார் ஒருநாள் சொல்லிவிட்டார்.

"பிரீமியம்தான் அத்தை. சூடாகும், குளிரும். எழுந்துதான் ஓடாது" என்றார் அக்கா.

வேகத்தடையைப் பற்றி யாரும் பேசவில்லை. நானும்தான்.

கார் வந்தது. மஞ்சள் நிறம். தெரு முனையில் திரும்பியதும் முதல் குழியில் அதன் வயிறு தரையில் உரசி ஒரு சத்தம் கேட்டது. கூடியிருந்தவர்கள் எல்லோரும் தங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். கண்காணிப்பாளர் கதவைத் திறந்து கத்தினார்: "இப்படியா தெரு வெச்சிருக்கீங்க?"

நாங்கள் பதினோரு வருடமாகக் கேட்டும் மூடாத குழிகளைப் பத்தே நாளில் மூடினார்கள். தெரு கண்ணாடி மாதிரி ஆயிற்று. அடுத்து, சோதனைக்காக ஒரு ரப்பர் தடையைக் கொண்டுவந்து போட்டார்கள். ஓட்டுநர் குனிந்து பார்த்தார்.

"சார், தடை காரோட வயித்தைவிட உயரமா இருக்கு. ஏத்தினா கீறிடும்."

"உயர்மட்ட வண்டியையா? ஏத்தினே, தொலைஞ்சே!"

"அப்போ சோதனை?"

கண்காணிப்பாளர் யோசித்தார். "கீறலாம்கிற மாதிரி ஒரு வண்டி வேணும். அடிமட்ட வகையில ஒண்ணு வாங்கணும்" என்றார்.

அதற்கும் நாலு நாளில் அனுமதி வந்தது. இரண்டாவது மஞ்சள் கார் வந்தது. அதன் வயிறும் அதே உயரம். தடை இரண்டுக்கும் இடைஞ்சலாக இருப்பது ஐயமற நிறுவப்பட்டதால், தடையை அகற்ற உத்தரவாயிற்று.

இனி ஒரே ஒரு கேள்விதான் மிச்சம்: உயர்மட்டத்தைத் தேர்ந்தெடுத்தது சரிதானா? அதை உறுதிசெய்ய இரண்டு கார்களையும் எங்கள் தெருவில், கண்ணாடி மாதிரி தெருவில், பக்கத்தில் பக்கத்தில் ஓட விட்டார்கள். உயர்மட்டத்தைக் கண்காணிப்பாளரே ஓட்டினார். அடிமட்டத்தை ஓட்டுநர் ஓட்டினார். இரண்டு பக்கமும் கூட்டம். அக்கா சிவப்பு நூலில் கொடி தைத்து வைத்திருந்தார். அவர் மாமியார் ஸ்டூல் போட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஊளையிட்டோம், கைதட்டினோம். இன்னும் வேகமாகப் போகச் சொல்லிக் கத்தினோம். கத்திய உற்சாகத்தில் நான் நடுத்தெருவுக்கே வந்துவிட்டேன்.

மஞ்சளாக ஏதோ வந்தது. டயர் கிறீச்சிட்டது. நான் சலூன் வாசல் மணல் குவியலில் கிடந்தேன். பெரிதாக ஒன்றும் இல்லை. முழங்கையில் தோல் போயிருந்தது, ஒரு செருப்பைக் காணவில்லை.

எல்லோரும் ஓடி வந்தார்கள். "அடி பலமா?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அக்காதான் முதலில் குனிந்தார்.

"தம்பி, எது மோதுச்சு?"

தலைமை எழுத்தர் கோப்போடு வந்துவிட்டார். "பதிவு பண்ணணும். அடிமட்டமா, உயர்மட்டமா?"

தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளிறிய முகத்தோடு ஓட்டுநர் வந்தார். "என் வண்டிதான் சார், மன்னிச்சுக்குங்க. பே..." என்று ஆரம்பித்தார்.

"பிரீமியம்" என்றேன்.

கூட்டம் "அடேயப்பா!" என்றது. அதுவரை தள்ளி நின்றவர்கள் கை கொடுத்துத் தூக்கினார்கள். சலூன்காரர் தன் சுழல் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். மாமியார் முந்தானையால் என் முகத்தைத் துடைத்து, "நம்ம தெருவுலேயே முதல் ஆள் நீதான்ப்பா" என்றார். இதைக் கேட்ட இரண்டு பேர், போன வாரம் தங்களையும் அதே உயர்மட்ட வண்டிதான் உரசிக்கொண்டு போனதாகச் சொல்லிக் கால் தாங்கி நடந்து காட்டினார்கள்.

கூட்டம் கலைந்ததும் ஓட்டுநர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். காணாமல் போன செருப்பை எங்கேயோ தேடி எடுத்து வந்திருந்தார்.

"ஏன் சார் பொய் சொன்னீங்க? எனக்கு வேலை போனாலும் பரவாயில்லைன்னுதான் நான் உண்மையைச் சொல்ல வந்தேன்."

"உங்களுக்காகச் சொல்லலை அண்ணே" என்றேன், யாரும் கேட்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டு. "நீங்க சாயங்காலம் ஜீப்புல ஏறிப் போயிடுவீங்க. நான் இந்தத் தெருவுல குடியிருக்கணும்."