பால் பொங்காத முதல் வீடு

நான் வரைந்த முதல் வீட்டில் பால் பொங்கவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பிறகு யாராவது உங்களிடம் இன்னும் கேவலமாகச் சொல்வார்கள். (பால் நல்ல பால்தான். அடுப்பும் புதுசு. கோளாறு முழுக்க ஆர்க்கிடெக்ட்டின் மண்டையில்.) பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது. அந்த வீடு இருக்கும் புக்கிட் ரோத்தான் பக்கம் கல்யாணத்துக்குப் போனால் இன்றைக்கும் என்னை, "இவருதான் அந்தப் பால்காரரு" என்று அறிமுகப்படுத்துகிறார்கள்.

அப்போது கோல சிலாங்கூர் டவுனில், ஒரு டயர் கடையின் மேல்மாடியில், நானும் சங்கீதாவும் சின்னதாக அலுவலகம் போட்டிருந்தோம். இரண்டு மேசை, ஒரு காற்றாடி. ஏர்கோன் தேவைப்படாத வீடுகளைத்தான் வரைவோம் என்பது எங்கள் கொள்கை. எங்கள் அலுவலகத்து ஏர்கோன் கெட்டுப்போய்க் கிடந்ததற்கும் கொள்கைக்கும் சம்பந்தம் இல்லை.

சங்கீதா உலு யாம் என்ற ஊர்க்காரி, என்னோடு படித்தவள். என் வரைபடங்களைப் பச்சைப் பேனாவால் திருத்துவாள். அவள் என் மேசைமேல் குனிந்து திருத்தும்போது, நான் வரைந்திருப்பது வீடா மாட்டுக்கொட்டகையா என்பதே எனக்கு மறந்துபோகும். அவளை எனக்கு அவ்வளவு பிடிக்கும். இரண்டு வருடமாகியும் அதை நான் சொல்லவில்லை. (காற்று எப்படி வீட்டுக்குள் நுழைகிறது என்று யார் கேட்டாலும் அரை மணி நேரம் பேசுவேன். இதற்கு மட்டும் வாய் வராது.)

அந்தச் சமயத்தில்தான் அவளுக்கு நியூசிலாந்தில் வேலை கிடைத்தது. "சரோஜா அக்கா வீடு நல்லபடியா குடிபோகட்டும். நாலு பேரு பாத்துட்டு நம்மகிட்ட வந்தா, நான் இங்கயே இருந்து பாக்குறேன். வெள்ளிக்கெழமைக்குள்ள பதில் சொல்லணும்," என்றாள். அக்காவுடையதுதான் அந்த முதல் வீடு. குடிபோவது புதன்கிழமை. ஆக, அந்த வீடு சரோஜா அக்காவுக்குத்தான் வீடு. எனக்கு அது வேறு ஒரு விஷயம்.

சரோஜா அக்கா கிளினிக்கில் துப்புரவு வேலை பார்த்தார். அவர் கணவர் முனியாண்டி அண்ணன் லோரி ஓட்டுநர். பதிமூன்று வருடம் நாலாவது மாடி பிளாட்டில் வெந்தவர்கள். "தம்பி, எனக்கு அலங்காரம்லாம் வேணாம். காத்து வரணும், அவ்வளவுதான் லா," என்றார் அக்கா.

கொடுத்தேன். சமையலறையின் மேற்குச் சுவர் முழுவதையும் துளைபோட்ட கற்களால் கட்டினேன். ஜன்னல் கிடையாது. ஜன்னல் வைத்தால் சாத்திவிடுவார்கள், சாத்தினால் தத்துவம் கெட்டுவிடும் என்பது என் கட்சி. 'ஒரு ஜன்னலாவது வை' என்று சங்கீதா பச்சைப் பேனாவால் எழுதினாள். மூன்று நாள் சண்டை போட்டு ஜெயித்தேன். அவளிடம் நான் ஜெயித்த ஒரே வாதம் அதுதான். முனியாண்டி அண்ணன் மட்டும் வந்து பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, எல்லாக் கல்லும் ஓட்டையா வந்திருக்கே, திருப்பி அனுப்பலையா?" என்று கேட்டார். பாமரர் என்று நினைத்துச் சிரித்தேன்.

குடிபோகும் நாள். பத்தரை வரை நல்ல நேரம். கூடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு வரைபடப் பலகை மாட்டியிருந்தேன். காற்று வரும் வழியெல்லாம் நீல அம்புகள். ஐயர் பூஜையை முடித்து, அக்கா புதுப்பானையில் பாலை ஊற்றி, கேஸ் அடுப்பைப் பற்றவைத்த நேரத்தில், கடல் பக்கமிருந்து மழைக்காற்று கிளம்பியது. மேற்குச் சுவர் தன் கடமையைச் செய்தது. அடுப்பு அணைந்தது.

மறுபடி பற்றவைத்தார்கள், அணைந்தது. ஐந்தாவது தடவை அணைந்தபோது, முனியாண்டி அண்ணன் என் பலகையின் முன்னால் போய் நின்றார்.

"தம்பி, இந்த நீல அம்பு என்னா?"

"காத்து வர்ற வழிண்ணே."

"நேரா அடுப்புக்குல்ல வருது. தெரிஞ்சேதான் போட்டீங்களா?"

(அந்த இடத்தில் அம்பை இரண்டு மடங்கு தடிமனாக வேறு போட்டிருந்தேன்.)

அந்தப் பலகையையே கழற்றி அடுப்புக்கு மறைப்பாகப் பிடித்தேன். அடித்த காற்றில் அது என் கையைவிட்டுப் பறந்து, கூடத்தைத் தாண்டி, வாசல் வழியாக வெளியே போய்ச் செம்பனைத் தோட்டத்து வாய்க்காலில் விழுந்தது. வரைந்து வைத்திருந்த பாதையில்தான் போனது, ஒரு அடிகூட மாறவில்லை.

நேரம் பத்து இருபது. எனக்கு வியர்த்துக் கொட்டியது, அவ்வளவு காற்றிலும். வீட்டில் காற்றே வராத ஒரே அறை எது என்று என் படித்த மூளை கணக்குப் போட்டது. போட்டதோடு நிற்காமல் வாயையும் திறந்தது.

"பாத்ரூம்ல காத்து வராது ஐயரே."

ஐயர் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது. சரோஜா அக்காவின் கண் கலங்கிவிட்டது. "பதிமூணு வருசமா இந்த நாளுக்குக் காத்திருந்தேன் தம்பி. கக்கூஸ்லயா பால் காய்ச்சச் சொல்றீங்க?" என்றார். அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

சங்கீதாதான் வழி கண்டுபிடித்தாள். கார் போர்ச்சில் நாற்காலி ஏற்றிவந்த வேன் காலியாக நின்றது. "அதுவும் வீட்டுக் கூரைக்குக் கீழதான நிக்குது ஐயரே," என்றாள். ஐயர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார். அடுப்பையும் பானையையும் வேனுக்குள் தூக்கி வைத்தார்கள். அக்கா வெளியில் நின்றபடியே கையை நீட்டி அடுப்பைப் பற்றவைத்தார். பானையைப் பார்த்துக்கொள்ள யாராவது உள்ளே ஏற வேண்டும். "வீட்ட வரைஞ்சது நீங்க ரெண்டு பேரு. நீங்களே பொங்க வைங்க," என்று முனியாண்டி அண்ணன் எங்களை ஏற்றி, கொஞ்சம் சந்து விட்டுக் கதவை இழுத்துவிட்டார்.

வேனுக்குள் காற்றே இல்லை. நெருப்பு ஆடாமல் எரிந்தது. பானைக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். அவள் நெற்றியில் வியர்வை, புடவையில் சந்தனக் கறை.

"நான் வெள்ளிக்கெழமை பதில் சொல்லணும்," என்றாள், பாலைப் பார்த்தபடி.

"ம்."

"ஒனக்கு ஏதாவது சொல்லணும்னு இருக்கா?"

இருந்தது. இரண்டு வருடமாக இருந்தது. போகாதே என்று மூன்று எழுத்து, அவ்வளவுதான். பால் விளிம்பில் நுரை கட்டத் தொடங்கியிருந்தது. அவள் பாலை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்:

"நீ சொன்னதுதான் சரி. அடுத்த வீட்டுக்குக் குசினியில ஜன்னல் வச்சிரலாம்."

பால் பொங்கியது. வெளியே குலவைச் சத்தம். அண்ணன் கதவைத் திறந்தார், மழைக்காற்று உள்ளே வந்தது. அவள் பானையை அக்காவிடம் கொடுத்துவிட்டு இறங்கினாள். வெள்ளிக்கிழமை பதில் அனுப்பினாள், மாதக் கடைசியில் போய்விட்டாள்.

சரோஜா அக்கா குடும்பத்துக்கு நான் இப்போது சொந்தக்காரன் மாதிரி. அந்தச் சுவரில் இரண்டு ஜன்னல் நானே வைத்துக் கொடுத்தேன். வீட்டில் எந்த விசேஷம் நடந்தாலும் இந்தக் கதையை அண்ணன் சொல்லியே தீருவார், பலகை பறந்த இடம் வந்ததும் எழுந்து நின்று நடித்தும் காட்டுவார். கடைசியில் எல்லோரும் என் பக்கம் திரும்புவார்கள்.

"சரி, அவ்வளவு நேரம் வேனுக்குள்ள அந்தப் பொண்ணுகிட்ட என்னாதான் பேசுனீங்க?" என்பார் அக்கா.

"ஜன்னலப் பத்திக்கா."

"பொய்யி லா," என்று வீடே சிரிக்கும். பன்னிரண்டு வருடமாக ஒருவர்கூட அதை நம்பவில்லை.