ரைட் கொடுத்தால் போய்விடும் நாய்

கட்டுமாவடிக் கடற்கரையிலிருந்து சித்தன்னவாசல் குன்று வரைக்கும், எங்கள் கண்டக்டரின் "உள்ள போங்க"வுக்கு நகராத ஜீவன் கிடையாது. குகையில் காலகாலமாக நிற்கிற அந்த ஓவியங்கள்கூட, அவர் ஒரு அதட்டுப் போட்டிருந்தால், பறித்த தாமரையை மடியில் செருகிக்கொண்டு ஓரமாகத் தள்ளி நின்றிருக்கும்.

அவருக்குப் பெயர் உண்டு. வாக்காளர் அட்டையைத் தவிர வேறெங்கும் அது பயன்படவில்லை. ரிட்டயர் ஆன பிறகும் கண்டக்டர்தான். புதுக்கோட்டையில் எங்கள் காம்பவுண்டில் மூன்று குடித்தனம்: முன்பக்கம் ஓனரம்மா, பின்பக்கம் நான், மாடியில் அவர். மாடிப்படியில் மூச்சு வாங்க ஒரு கணம் நின்றால் போதும், "படியில நிக்காதீங்க, மேல ஏறுங்க" என்று குரல் உருண்டு வரும். கழுத்தில் தாயத்து மாதிரி விசில் தொங்கும். குளிக்கும்போதாவது கழற்றுவாரா என்று எனக்கு ரொம்ப நாள் சந்தேகம்.

சென்னையிலிருந்த அவர் மகள் கணவனின் வேலையோடு குவைத்துக்குக் குடிபோனாள். பிரசவம் பார்க்க அவர் மனைவியும் விமானம் ஏறினார். மாடியில் பேச்சு நின்றுபோனது. கொஞ்ச நாள், குழாய் சொட்டுகிற சத்தம்தான் அங்கே குடியிருந்தது. பிறகு மகள் விட்டுப்போன ஸ்வீட்டி ஒரு கூடையில் வந்து இறங்கியது.

ஷிட்ஸூ என்கிற குட்டி ஜாதி நாய். தரை துடைக்கும் மாப்புக்குக் கண் முளைத்தது போல இருக்கும். போகிற வழியெல்லாம் முடியால் துடைத்துக்கொண்டே போகும். துடைத்த இடத்தை உடனே நனைத்தும் வைக்கும். மாடிப்படி, துவைத்த வேட்டி, ஓனரம்மா காயப்போட்ட வத்தல் என்ற பேதமெல்லாம் அதற்குக் கிடையாது. மழை மாதிரி, மனம் போன இடத்தில் பெய்தது.

வத்தல் நனைந்த அன்று ஓனரம்மா முற்றத்தில் நின்று தீர்ப்புச் சொன்னார். "கண்டக்டரண்ணே, ஒன்னு அது பழகணும், இல்ல அது கெளம்பணும். அரிமளத்துல ஒங்க தங்கச்சி மகனுக்குத் தோப்பு இருக்குல்ல? அங்க கொண்டு போயி விட்ருங்க."

"பழக்கிருவோம்மா. மலை மாதிரி வண்டியவே விசில்ல நிறுத்துனவன். இது என்ன, ஒரு சோப்பு டப்பா கனம்."

மறுநாள் காலை பின்கட்டுப் புங்கை மரத்தடியில் பயிற்சி தொடங்கியது. பாட்டிலிலிருந்து தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றிக் காட்டினார். "ஏம்மா, இங்கிட்டுத்தான் ஸ்டாப்பிங். அங்கிட்டுப் போவாத. கொண்டா பாப்போம்." ஸ்வீட்டி தண்ணீரை நக்கிக் குடித்தது. நான் ஜன்னலில் நின்று சிரித்தேன். "சார், சிரிக்காதீங்க, பயணிக்குக் கூச்சமா இருக்கும்ல" என்றார்.

அவருடைய முறை எளிது. தப்பான இடத்தில் உட்காரப் போனால் ஒரு விசில்: நிறுத்து. மரத்தடியில் உட்கார்ந்தால் இரண்டு விசில்: ரைட், போகலாம். முடிந்ததும் ஒரு பிஸ்கட். முதல் வாரம் ஒற்றை விசிலுக்கு நாயைத் தவிர காம்பவுண்டே நின்றது. பல் தேய்த்த கை வாயிலேயே நிற்க நான் நின்றேன். ஓனரம்மா கொதிக்கிற ரசத்துக்கு முன்னால் கரண்டியோடு சிலையானார். பால்காரர் சைக்கிளை விட்டே இறங்கிவிட்டார்.

ஆனால் பழகியது! விசில் இரண்டு முறை ஒலித்தால் ஸ்வீட்டி கடமை தவறுவதில்லை. ஓனரம்மாவே மெச்சி, "எங்க வீட்டுப் பிள்ளைககூட இவ்வளவு சொன்ன பேச்சு கேட்டதில்ல" என்று அதைத் தன் ஹாலுக்குள் விட்டார். கண்டக்டரின் நடையில் ஒரு மிதப்பு வந்தது. குவைத்துக்கு வீடியோ காலில் செய்முறை விளக்கமே நடந்தது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் மெயின் ரோட்டில் பள்ளம் தோண்டி, டவுன் பஸ்ஸையெல்லாம் எங்கள் தெரு வழியாகத் திருப்பிவிட்டார்கள்.

முதல் பஸ் வந்தது. முக்கில் வளையத் திணறி நின்றது. அதன் கண்டக்டர் கீழே இறங்கி, இடமும் வலமும் பார்த்து, இரண்டு விசில் கொடுத்தார். ஓனரம்மாவின் ஹாலில், கஞ்சி போட்டு மடிக்க விரித்திருந்த சேலையின் நட்டநடுவில், ஸ்வீட்டி உட்கார்ந்தது. முடித்தது. எழுந்து, பிஸ்கட்டுக்காக வாலை ஆட்டியது.

"அண்ணே, என்னண்ணே இது!"

கண்டக்டர் ஓடிவந்து பார்த்தார். "அதுமேல தப்பு இல்லம்மா. ரைட் குடுத்தாய்ங்க, போயிருச்சு."

"அப்ப ஒவ்வொரு பஸ்ஸுக்கும் போகுமா?"

"ரைட் குடுத்தா போகத்தானம்மா செய்யும்?"

போனது. பஸ் வரும்போதெல்லாம் போனது. கையிருப்பு இல்லாதபோதும் மரியாதைக்கு உட்கார்ந்து எழுந்தது. கண்டக்டர் வெயிலில் தெருமுக்கில் போய் நின்று, வருகிற பஸ்ஸையெல்லாம் மறித்தார். "தம்பி, விசில் மட்டும் அடிக்காதீங்க. வீட்ல நாய் இருக்கு."

"விசில் அடிக்காம எப்புடிண்ணே? டிரைவரு வண்டிய எடுக்கவே மாட்டாருல்ல!"

வாழ்நாளெல்லாம் ஊரையே அதட்டியவர், யாரோ ஒரு பையனிடம் கைகூப்பிக்கொண்டு நின்றார். பஸ் அவரைத் தாண்டிப் போய் வளைந்தது. இரண்டு விசில்.

சனிக்கிழமை ஓனரம்மா சொல்லிவிட்டார். "நாளைக்கு அனுப்பிருங்கண்ணே. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு."

"நல்லதாப் போச்சும்மா. தொல்லை விட்டுச்சு" என்றார். பிறகு அன்று முழுக்க அவர் யாரையும் அதட்டவில்லை. நான் வேண்டுமென்றே மாடிப்படியில் நின்று பார்த்தேன். என்னைச் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி மகன் லோடு ஆட்டோவோடு வந்தான். கூடையைக் கையில் வாங்கியவன் தயங்கினான். "மாமா, வழியில வண்டிய நாறடிச்சிரும். ரெண்டு விசில் குடுத்து, முடிச்சு விட்ருங்க. ஏத்திக்கிறேன்."

ஸ்வீட்டியை மரத்தடியில் இறக்கினார். விசிலை வாயில் வைத்தார். கன்னம் உப்பியது. சத்தம் வரவில்லை. எடுத்து வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். நாய் அண்ணாந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. காற்று வந்தது. உதடு மூடாததால் பக்கவாட்டில் போனது.

"என்ன மாமா, விசில் கெட்டுப் போச்சா?"

அவர் விசிலை மறுபடி வேட்டியில் துடைத்தார்.

ஓனரம்மா பின்வாசலுக்கு வந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "ஏப்பா, வண்டிய எடுத்துட்டு நீ கெளம்பு" என்றார். "நாயி அசிங்கம் பண்ணா ஒரு வாளித் தண்ணி ஊத்திக் கழுவிக்கலாம். இந்த மனுசன் இப்புடிப் பேசாம நின்னா, நான் என்னத்த ஊத்திக் கழுவுறது?" கூடையைப் பிடுங்கி, நாயைத் தூக்கி அதில் போட்டு உள்ளே கொண்டு போனவர், உள்ளேயிருந்தே சத்தம் போட்டார்: "சேலைய மட்டும் இனிமே மேல கொடியில காயப் போட்டுக்கிறேன்!"

பள்ளத்தை மூடி பஸ்ஸெல்லாம் மெயின் ரோட்டுக்குப் போய் நாளாகிறது. வேலை நிமித்தம் ஒரு ஊரில் கால் நிற்காத ஆள் நான். மாதத்தில் பாதி நாள் எங்காவது ஒரு லாட்ஜில் கண் விழிக்கிறேன். முகம் கழுவுவதற்கு முன்னால் கண்டக்டருக்கு ஒரு போன். "என்னண்ணே, ஸ்வீட்டி மரத்தடியில போயிருச்சா?"

"ஆச்சு சார், ஆச்சு" என்கிறார். அதைக் கேட்ட பிறகுதான் அந்த ஊர்க் காபி எனக்குத் தொண்டையில் இறங்குகிறது.