ஆமை கியர்

இந்த வருஷம் அந்த மேட்டை ஏறியே தீருவது என்று முடிவெடுத்துவிட்டேன்.

மேடு உலு லங்காட் காட்டுக்குள் இருக்கிறது. எங்கள் ஃபோர்வீல் கிளப் வருஷத்துக்கு ஒருமுறை அங்கே போகும். முழங்கால் அளவு சேறு, சுவர் மாதிரி செங்குத்து. நான்கு வருஷமாகப் போகிறேன். நான்கு வருஷமும் என் பழைய ஜீப் பாதி மேட்டில் நின்றுவிட்டது. கிளப் நண்பன் கேவின் மேலே இருந்து கம்பியை இறக்கி என்னை இழுத்துப் போடுவான். இழுப்பதோடு விட்டால் பரவாயில்லை, அதை வீடியோ எடுத்து கிளப் வாட்சப்பில் போடுவான். எங்கள் ஊர் கிள்ளானில் என் மானம் போகாத இடம் என் வீடு ஒன்றுதான். அங்கே போவதற்கு மிச்சம் எதுவும் இல்லை.

வழி சொன்னவர் மெக்கானிக் லியனார்ட். "உங்க வண்டிக்கு பலம் பத்தலைனு யாரு சொன்னா பாஸ்? வேகம் ஜாஸ்தி, அதான் கோளாறு," என்றார். கியர்பாக்ஸுக்குப் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று இன்னொரு பெட்டி உண்டு. அதற்குள் இருக்கும் பல்சக்கரங்களை மாற்றிவிட்டால் வண்டி பாதி வேகத்தில் போகும், இரண்டு மடங்கு பலத்தில் இழுக்கும். வழுக்காமல் ஊர்ந்தே மேட்டை ஏறிவிடலாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

கியர் செட் ஆஸ்திரேலியாவிலிருந்து பெட்டியில் வந்து இறங்கியது. என் மனைவி அமுதவள்ளிக்குத் தெரியக்கூடாது. போன வருஷம் நான் வீட்டுக்குள் கொண்டுவந்த சேற்றைக் கழுவியதிலிருந்து, காடு என்று வாய் திறந்தாலே அவள் குழம்பில் உப்பை நிறுத்திவிடுகிறாள். ஆகவே பெட்டியை ஸ்டோர் ரூமில் முறுக்கு டின்களுக்குப் பின்னால் ஒளித்தேன். பத்து நாள் அங்கே இருந்தது. ஈ எறும்புக்குக்கூடத் தெரியாது என்று நம்பினேன்.

பெட்டியைப் பிரித்த லியனார்ட் கொஞ்சம் தயங்கினார்.

"பாஸ், பெரிய கியருல சிவப்பா ஒரு பொட்டு இருக்கே."

"ஃபேக்டரி மார்க் லா. தரமான சாமானுக்கு அப்படித்தான் வைப்பாங்க," என்றேன். ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிற மனிதர், நம்பிவிட்டார்.

வண்டி வீட்டுக்கு வந்தபோது அமுதா வாசலிலேயே நின்றாள். ரெண்டு நாளாக என்ன வேலை என்று கேட்டாள். பதிலை வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். நான் வேகமாக ஓட்டுகிறேன் என்று நீ பயப்படுகிறாயே, அதற்காகவே மெதுவாகப் போகிற கியர் போட்டிருக்கிறேன், எல்லாம் உனக்காகத்தான் என்று அள்ளிவிட்டேன்.

"எவ்வளவு மெதுவாங்க?" என்றாள்.

பதினாறு வருஷத்தில் என் ஜீப்பைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி. எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே லோ கியரைப் போட்டு இரண்டு காலையும் தூக்கி இருக்கையில் வைத்துக்கொண்டேன். வண்டி தானாக ஊர்ந்தது. அமுதா கூடவே நடந்தாள். பிறகு முந்தினாள். கோடி வீட்டு நல்லம்மாள் ஆன்டியிடம் கறிவேப்பிலை வாங்கி, அவருடைய முட்டிவலியையும் விசாரித்துவிட்டுத் திரும்பினாள். நான் மூன்றாவது வீட்டைத் தாண்டிக்கொண்டிருந்தேன்.

"கிளட்ச் கருகாதா?"

"தொட்டாத்தானே கருகும்?"

"தார் ரோட்டுல ஓடுமா?"

"முன்சக்கர லாக்க எடுத்துவிட்டா நாள் பூரா ஓடும்."

"பாரம் இழுக்குமா?"

"மூணு டன் கட்டிவிடு, கிள்ளானையே ஒரு சுத்து சுத்திட்டு வரேன்."

"நல்ல கியருங்க," என்றாள். அன்று மதியம் நண்டுப் பிரட்டல். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் நண்டு நிறைந்த வாயால் கெட்டேன்.

அந்த உற்சாகத்திலேயே, சனிக்கிழமை செராஸில் ஆபீஸ் டிரெய்னிங் என்று சொல்லிவைத்தேன். சரி, போயிட்டு வாங்க என்றாள். ஒரு கேள்வி இல்லை. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு பூட்ஸ், மண்வெட்டி, கயிறு எல்லாவற்றையும் கோணிப்பையில் சுருட்டிக்கொண்டு பூனை மாதிரி வெளியே வந்தேன். ஜீப்பைக் காணோம். அதாவது, மாவிலைக்கும் மல்லிகைச் சரத்துக்கும் அடியில் எங்கோ இருந்தது. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். பக்கத்தில் எங்கள் தாமான் குடியிருப்பின் மாரியம்மன் கோயில் தலைவர் ராதாகிருஷ்ணன், கையில் ஓர் இரும்புக் கொக்கியோடு நின்றார்.

அன்று கோயில் திருவிழா என்பதையே மறந்திருந்தேன். போன வருஷத் திருவிழாவில் ரதம் இழுத்த லோரி, பால்குடம் எடுத்த பெண்களின் நடைக்குத் தகுந்தபடி ஊர்ந்து ஊர்ந்து, சிக்னல் மேட்டில் கிளட்ச் கருகிப் படுத்துவிட்டது. அன்றிலிருந்து நடை வேகத்தில் இழுக்க ஒரு வண்டி தேடிக்கொண்டிருந்தார்களாம்.

"தம்பி, நீங்களே முன்வந்து கொடுத்தீங்கன்னு தங்கச்சி சொன்னுச்சு. பெரிய மனசு," என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

திரும்பினேன். மஞ்சள் புடவையில், கையில் பால்குடத்தோடு அமுதா.

"எனக்கு டிரெய்னிங்..." என்றேன்.

"செராஸ்ல டிரெய்னிங்குக்கு மண்வெட்டி எதுக்குங்க? கேவின் சம்சாரம் ஏமி எல்லாம் சொல்லிட்டா." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "போன வருஷம் அம்மன் ரெண்டு மணி நேரம் வெயில்ல நின்னா. நானும் குடத்தோட கூடவே நின்னேன். முறுக்கு டின் எடுக்கப் போனப்ப பெட்டியைப் பார்த்தேன். லியனார்டுக்குப் போன் போட்டு என்ன சாமான்னு கேட்டேன். அன்னைக்கே பொட்டு வச்சு வேண்டிக்கிட்டேன்."

ஃபேக்டரி மார்க்!

பொய் சொல்லவில்லை, அழுகையே வந்தது. அங்கே மேடு காத்திருக்கிறது, கேவின் காத்திருக்கிறான். ஆனால் சாமி காரியத்துக்கு எப்படி முடியாது என்பது? எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு கிளம்பினேன்.

ரதம் ஒரு குலுக்கல் இல்லாமல் நகர்ந்தது. முன்னால் உருமி மேளம், இரண்டு பக்கமும் பால்குடங்கள். என் கால் எந்த மிதியிலும் இல்லை. சிக்னல் மேடு வந்ததும் மேளம்கூட ஒரு கணம் அடங்கியது. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். ஜீப் ஏறியது. மூச்சு வாங்கவில்லை, வழுக்கவில்லை, பின்னால் அவ்வளவு பெரிய ரதத்தோடு உச்சிவரை ஊர்ந்தே ஏறியது. "ஓம் சக்தி" என்று தெருவே அதிர்ந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கேவின் காட்டு மேட்டின் மேல் நின்று அனுப்பிய வீடியோ போனில் வந்து கிடந்தது. அதைத் திறக்கவே தோன்றவில்லை. என்னை எந்தக் கம்பியும் இழுக்காமல் நானும் ஒரு மேட்டை ஏறிவிட்டேன்.

மைக்கில் ராதாகிருஷ்ணன் குரல் கேட்டது. நிமிர்ந்து உட்கார்ந்து தலைமுடியைக் கோதிக்கொண்டேன். வண்டி தந்து உதவிய திருமதி அமுதவள்ளிக்குப் பொன்னாடை போர்த்துகிறோம், அடுத்த ஐந்து வருஷத்துக்கும் தருவதாக அவர் வேண்டிக்கொண்டிருக்கிறார் என்று அறிவித்தார். கைதட்டல் ஓய்ந்ததும் அமுதாவே மைக்கை வாங்கினாள். என் பெயரைச் சொல்லப்போகிறாள் என்று காதைத் தீட்டிக்கொண்டேன்.

"ஜீப் டிரைவர், கொஞ்சம் மெதுவாப் போங்க."