எட்டணா செல்லும்

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே ஓடும் அத்தனை பஸ் கண்டக்டர்களையும் ஒரே ஆளாக நடுங்க வைத்தவர் எட்டணா. திண்டிவனத்தில் நான் வேலை பார்த்த பெயின்ட் ஏஜென்சியில் அவர்தான் கேஷியர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். ஆனால் அவர் மனைவியே போன் செய்து, "எட்டணா சாப்ட்டாரா?" என்றுதான் கேட்பார்.

நாலணா செல்லாது என்று அறிவித்த அன்று அவர் மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. நான் தொட்டேன், அவருடையதையும் சேர்த்து. பிறகு எட்டணா அடிப்பதையும் நிறுத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும், அந்தக் காசைச் சாகவிடுவதில்லை என்று தீர்மானித்துவிட்டார். டீக்கடையோ சலூனோ, எங்கே போனாலும் அதைத்தான் நீட்டுவார்.

விழுப்புரத்திலிருந்து நாங்கள் இருவரும் ஒரே பஸ்ஸில் போய் வருவோம். ஒருநாள் டிக்கெட்டுக்கு மொத்தமும் எட்டணாவாகக் கொட்டினார்.

"பெரியவரே, இது செல்லாது," என்றார் கண்டக்டர்.

"கவர்மென்ட்டு அப்படிச் சொல்லலியே."

"அதான் அடிக்கிறதையே நிறுத்திட்டாங்களே."

"எங்கப்பா புள்ள பெத்துக்கிறதை நிறுத்தி அம்பது வருசம் ஆவுது. அதுக்காக நான் செல்லாம பூட்டனா?"

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் மட்டும் சிரிக்காமல், கூட்டேரிப்பட்டில் விசில் ஊதி அவரை இறக்கிவிட்டார். நான் யாரோ போல ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். கூலிங் கிளாஸ் வேறு. கீழேயிருந்து குரல் வந்தது.

"தம்பி, எறங்குப்பா. உன் டிக்கெட்டுக் காசும் அதுலதான் கீது."

எனக்கு அப்பா இல்லை. அதனால் கிளியனூரில் பெண் பார்க்கப் போனபோது, பெரிய மனிதராக எட்டணாவை அழைத்துப் போகலாம் என்றார் அம்மா. அதற்கு முன் பார்த்த வீடுகளெல்லாம் என் சம்பளத்தைக் கேட்டதும் காபி ஆறுவதற்குள் எங்களை அனுப்பிவைத்திருந்தன. இதுவும் தவறினால் கல்யாணமே இல்லை என்று ஜோசியரும் கைகழுவியிருந்தார். கிளம்பும் முன் எட்டணாவின் சட்டைப் பையை நானே தடவிப் பார்த்தேன். காலி. வேட்டி மடிப்பைத் தடவத் தோன்றவில்லை.

தட்டில் பூ, பழம், ஐந்நூறு ரூபாய் வைத்தோம். அதன்மேல் ஒரு ரூபாய் வைக்க வேண்டிய இடத்தில், அவர் வேட்டி மடிப்பிலிருந்து ஓர் எட்டணாக் காசை எடுத்து வைத்தார். பெண்ணின் அப்பாவுக்கு முகம் கறுத்தது.

"இன்னா சார், எங்க பொண்ணு எட்டணாதான் பெறுமா?"

மேல்மலையனூர் அம்மனுக்கு மொட்டை போடுவதாக அங்கேயே வேண்டிக்கொண்டேன். வேண்டிக்கொள்ள அப்போது எனக்கு முடி இருந்தது.

எட்டணா நிதானமாகச் சொன்னார். "இனிமே இதை அடிக்க மாட்டாங்களாம்ங்க. கீறதைப் பத்திரமா வச்சிக்கினாதான் உண்டு. உங்களுக்கும் ஒரே பொண்ணுதானே?"

பெண்ணின் அப்பா கொஞ்சம் இளகினார். "சரிங்க. மாப்பிள்ளை எப்படி?"

"அவன் செல்லாக்காசுதாங்க. உங்க பொண்ணு கைக்கு வந்தா செல்லும்."

உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்பை இன்றுவரை வீட்டில் கேட்டுக்கொண்டிருக்கிறேன், பெரும்பாலும் என்னைப் பார்த்துத்தான்.

ஓய்வு பெற்றதும் எட்டணா திண்டிவனத்தில் மகள் வீட்டோடு தங்கிவிட்டார். நானும் விழுப்புரத்திலேயே வேறு வேலைக்கு மாறிவிட்டேன். போனில் பணம் அனுப்பக் கற்றுக்கொண்டதிலிருந்து, தினமும் விடிந்ததும் எனக்கு ஒன்றரை ரூபாய் அனுப்புகிறார்.

"எட்டணா தனியா போவ மாட்டேங்குது. அதான் தொணைக்கு ஒரு ரூவா," என்பார்.

போன மாதம் ஒருநாள் அது வரவில்லை. கூப்பிட்டால் போன் அணைந்து கிடந்தது. பாதி மழித்த முகத்தோடு, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். அவர் வாசலில் நாற்காலி போட்டு மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"போனு பக்கெட்டுல வுழுந்துட்டு ஒரே பேஜாரு," என்றவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ இன்னா, இவ்ளோ காலையில?"

"இந்தப் பக்கம் ஒரு வேலைங்க," என்றேன்.

என் சட்டையைப் பார்த்தார். உரித்து வைத்திருந்த மல்லாட்டை முழுவதையும் என் கையில் கொட்டினார்.