எதுக்கும் அண்ணாச்சியும் இரண்டாவது பொட்டலமும்

கடவுள் நேரில் வந்து வரம் கொடுத்தாலும், 'எதுக்கும் இன்னொருக்கா சொல்லுங்க சாமி' என்று கேட்கக்கூடிய ஒரே மனிதர் எங்கள் எதுக்கும் அண்ணாச்சிதான். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும். திருநெல்வேலி டவுணில் மற்ற எல்லோருக்கும் அவர் எதுக்கும் அண்ணாச்சி.

பூட்டிய பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்ப்பது ஊரில் எல்லோரும் செய்வதுதான். அண்ணாச்சி இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போவார். அங்கே போனதும், இழுத்துப் பார்த்தோமா இல்லையா என்று சந்தேகம் வந்து திரும்பி வருவார். பாளையங்கோட்டை பஸ்ஸில் ஏறினால் போர்டைப் படிப்பார், கண்டக்டரிடம் கேட்பார், பக்கத்து சீட்டுக்காரரிடமும் கேட்பார். ஆற்றுப்பாலம் தாண்டிய பிறகு மறுபடி கண்டக்டரைக் கூப்பிடுவார். ஒரு கண்டக்டர் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணாச்சி, பஸ்ஸு பாளையங்கோட்டைக்குத்தான் போவுது. நீரு வழியில எறங்காம இருந்தீருன்னா நீரும் போவீரு."

அவருடைய கல்யாணத்தைப் பற்றி ஒரு கதை உண்டு. தாலி கட்டி முடித்து, கெட்டிமேளம் ஓய்ந்து, எல்லோரும் பந்திக்கு எழுந்துவிட்டார்கள். மாப்பிள்ளை மட்டும் முடிச்சு இறுகியிருக்கிறதா என்று பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாராம். புதிதாக ஏதோ கட்டுகிறார் என்று நினைத்துத் தவில்காரர் மறுபடி ஆரம்பித்துவிட்டார். கதையில் பாதி கட்டிவிட்டதாக இருக்கலாம். அண்ணாச்சியிடமே கேட்டேன். "இறுகித்தான் இருந்துச்சு வே" என்றார்.

ரதவீதியில் அவருக்கு ஒரு சின்ன ஜவுளிக்கடை. பள்ளிக்கூட யூனிபார்ம் துணிதான் வியாபாரம். துணியை அளப்பார், மடித்து வைத்து மறுபடி அளப்பார், கத்திரிக்கோலைத் துணியில் வைத்துவிட்டு நிமிர்ந்து, பிள்ளைக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் நிஜமாகவே சீட் கிடைத்துவிட்டதா என்று கேட்பார். அதுவரை நிம்மதியாக இருந்த தாய்மார்களுக்கு முகம் வெளிறிவிடும். ஆனால் வெட்டும்போது, எதுக்கும் இருக்கட்டும் என்று ஒரு சாண் கூட்டியேதான் வெட்டுவார். அந்த ஒரு சாணுக்காகவே ஜூன் மாதத்தில் அவர் கடையில் கூட்டம் நெரியும்.

ஒரு ஜூனில் அந்தக் கூட்டத்தில் நாங்களும் நிற்க வேண்டியவர்கள். எங்களால் வீட்டை விட்டு நகர முடியவில்லை. என் மகள் கோமு பத்தாம் வகுப்பு பாஸாகியிருந்தாள். அறிவியலில் நல்ல மார்க், சமூக அறிவியலில் அதைவிட நல்ல மார்க். குறைவாக வாங்கியிருந்தால் பிரச்சினையே கிடையாது, யாரும் கேட்காமல் வரலாறு குரூப்பில் போட்டிருப்பார்கள். நல்ல மார்க் எடுத்த பிள்ளை தானாகவே பிளஸ் ஒன்னில் வரலாறு எடுப்பேன் என்பது எங்கள் ஊரில், அல்வாக் கடை வரிசையில் கால்கடுக்க நின்று காராச்சேவு மட்டும் வாங்கிக்கொண்டு வருவது மாதிரி.

பாராட்ட வந்தவர்கள் காப்பி ஆறுவதற்குள் "என்ன குரூப்பு?" என்று கேட்டார்கள். கோமு வாயைத் திறப்பதற்கு முன் என் மனைவி "பயாலஜி" என்று சொல்லிவிடுவாள். மனைவியின் ஊர் ஸ்ரீவைகுண்டம். அங்கே போகும்போதெல்லாம் கோமு அணைக்கட்டில் நின்றுகொண்டு, இதற்குக் கல் சுமந்தவர்களுக்கு யார் கூலி கொடுத்தது, என்ன கூலி என்று கேட்பாள். ஆதிச்சநல்லூருக்குக் கூட்டிப் போகச் சொல்லி அடம் பிடித்து, முதுமக்கள் தாழியைப் பார்த்துவிட்டு வந்து ஒரு வாரம் அதைப் பற்றியே பேசினாள். "செத்தவங்களத் தோண்டவா ஒன்னப் பெத்தேன்?" என்று என் மனைவி அழுதாள்.

எனக்கு இரண்டு பக்கமும் பயம். வரலாறு படித்து வேலையில்லாமல் உட்கார்ந்துவிடுவாளோ என்று ஒரு பயம். பிடிக்காததைப் படித்து உள்ளுக்குள்ளேயே வாடிவிடுவாளோ என்று இன்னொரு பயம். பேட்டையில் ஒரு பட்டறையில் கணக்கு எழுதுகிறவன் நான். அந்த வாரம் நான் எழுதிய வரவெல்லாம் பற்றில் போயிருந்ததாக முதலாளி சொன்னார். பள்ளியில் சேரக் கடைசி நாளும் வந்துவிட்டது.

அன்று காலை என் மனைவிதான் ஒரு வழி சொன்னாள். தெரு அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்துவிடலாம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். அம்மன் காலடியில் வைத்து ஒன்றை எடுத்தால் உத்தரவு தெரிந்துவிடும். கல்யாணம், வீடு மாற்றுவது எல்லாவற்றுக்கும் எங்கள் தெருவில் இப்படித்தான் முடிவு செய்வார்கள். எடுப்பதற்குச் சொந்தக்காரர் ஆகாது, எந்தப் பக்கமும் சேராத ஆள் வேண்டும். எதுக்கும் அண்ணாச்சியைக் கூப்பிட்டோம்.

வரும்போதே பூக்காரியிடம் செவ்வரளியும் வெள்ளரளியும் வாங்கி வந்தார். என் மனைவி சன்னிதிக்குப் பின்னால் போய் இலையில் கட்டிக் கொண்டுவந்து வைத்தாள். வெள்ளை வந்தால் பயாலஜி, சிவப்பு வந்தால் வரலாறு. எது எதற்கு என்பதை அண்ணாச்சி எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டு உறுதி செய்தார். பிறகு அம்மனுக்குக் குழப்பம் வரக்கூடாது என்று சன்னிதியைப் பார்த்தும் சத்தமாகச் சொன்னார். அவர் கை வலது பொட்டலத்துக்குப் போகும், இடதுக்கு வரும், மறுபடி வலதுக்குப் போகும். கோமு தூணைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள்.

கடைசியில் ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை.

கோமு வெளியே போய் செருப்பை மாட்ட ஆரம்பித்தாள். அதைப் பார்க்க எனக்கு மனசு ஆறவில்லை. என் மனைவி அடுத்த பொட்டலத்தை எடுக்கக் குனிந்தாள். அண்ணாச்சி அதற்குள் அதைக் கையில் எடுத்துவிட்டார்.

"எதுக்கும் இதையும் பிரிச்சிப் பாத்துருவோம்."

"அது எதுக்கு அண்ணாச்சி, உத்தரவுதான் வந்துட்டே" என்றாள் இவள். அவர் பிரித்துவிட்டார். அதுவும் வெள்ளை.

வேறு யாராக இருந்தாலும் என் மனைவியைத்தான் பார்த்திருப்பார்கள். அண்ணாச்சிக்குச் சந்தேகப்படக் கிடைத்த ஆள் அவரேதான். சிவப்பை வாங்கினேனா, வாங்கியதாக நினைத்துக்கொண்டு வந்துவிட்டேனா என்று புலம்ப ஆரம்பித்தார். ஒரு பிள்ளையின் வாழ்க்கையில் விளையாடிவிட்டேனே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். பூக்காரியிடம் கேட்டு வருகிறேன் என்று அந்த வெயிலில் செருப்புகூடப் போடாமல் படியிறங்கினார்.

"அண்ணாச்சி, நில்லுங்க" என்றாள் என் மனைவி. முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே கசங்கிய செவ்வரளி. "நாந்தான் எடுத்து வச்சிட்டேன். பயமா இருந்துச்சு அண்ணாச்சி. நாளைக்கு இந்தப் புள்ள வேலையில்லாம நின்னா யாரு பதில் சொல்லுவா?"

எனக்குக் கோபம் வரவில்லை. என் பயத்துக்கு முந்தானை இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அண்ணாச்சி படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். தப்பு தன்னுடையது இல்லை என்ற நிம்மதியில் முகம் தெளிந்திருந்தது. மறுபடி பூக்கட்டச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் செருப்பு மாட்டிக்கொண்டு நின்ற கோமுவைத் திரும்பிப் பார்த்தார்.

"எதுக்கும் ஒருக்கா புள்ளகிட்டயும் கேட்டுருவோமா?" என்றார். "ஏட்டி கோமு, ஒனக்கு என்ன படிக்கணும்?"

அத்தனை நாளில் அந்தக் கேள்வியை அவளிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான். வந்தவர்கள் எல்லோரும் எங்களைத்தான் கேட்டார்கள். நாங்கள் அம்மனைக் கேட்டோம்.

"வரலாறு, பெரியப்பா" என்றாள் கோமு.

"நெசமாவே?"

"நெசமாவே."

"எதுக்கும் இன்னொருக்கா சொல்லு."

கோமு சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே மறுபடி சொன்னாள். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தக் கசங்கிய பூவை மகளின் தலையில் வைத்தாள். அங்கிருந்தே பள்ளிக்கூடத்துக்குப் போனோம். யூனிபார்ம் துணி வாங்கப் போனபோது அண்ணாச்சி ஒரு சாணுக்குப் பதில் இரண்டு சாண் கூட்டி வெட்டினார்.

கோமு இப்போது சென்னையில் வரலாறு பட்டப்படிப்பு படிக்கிறாள். என் பயம் போய்விட்டதா என்றால், போகவில்லை. அவள் லீவு முடிந்து ரயிலேறினால் மறுநாள் காலையில் அண்ணாச்சி போன் பண்ணுவார், பிள்ளை போய்ச் சேர்ந்துவிட்டாளா என்று. சேர்ந்துவிட்டாள் என்பேன். வைத்துவிடுவார். நான் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருப்பேன், என் மனைவியும் அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நிற்பாள். எதுக்கும் ஒருமுறை அவர் மறுபடி கூப்பிடுவார். அந்த இரண்டாவது போன் வந்தால்தான் எங்களுக்குப் பிள்ளை பத்திரமாகப் போய்ச் சேர்ந்த மாதிரி இருக்கிறது.