எழும்பாத மெழுகும் என் பட்டமளிப்புப் படமும்

பண்டாரவளை,
ஞாயிற்றுக்கிழமை.

பேரன்புக்குரிய சித்தப்பா ஜெயராசா அவர்களுக்கு,

உங்கள் அண்ணன் மகள் யசோதினி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா நலம், அம்மா நலம், கடை நலம், உடம்பளவில் நானும் நலம். நீங்கள் அனுப்பிய விளக்கு மட்டும் நலமாக இல்லை. கொழும்பில் நீங்களும் சித்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும்.

இந்தக் காலத்தில் எதற்குத் தாளில் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் உங்களுக்கு அனுப்பும் எதுவும் உங்களோடு நிற்பதில்லை, சித்தப்பா. கால் மணி நேரத்தில் அது குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கிடக்கிறது. இதைப் படம் எடுத்துப் போடலாம் என்று யோசிக்க வேண்டாம். என் கையெழுத்து உங்களுக்கே விளங்காது, குழுவில் யாருக்கு விளங்கப்போகிறது.

நீங்கள் மறந்திருப்பீர்கள் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். தைப்பொங்கலன்று நீங்கள் இங்கே வந்திருந்தீர்கள். மாலை நான்கு மணிக்குக் கதவைத் தட்டாமல் என் அறைக்குள் வந்தீர்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு என் லாவா விளக்கின் முன் உட்கார்ந்திருந்தேன். நாள் முழுவதும் பாடநூல்களுக்கு மெய்ப்புப் பார்த்துவிட்டு நான்கிலிருந்து ஐந்துவரை அதைப் பார்த்துக்கொண்டிருப்பது என் வழக்கம். பக்கத்து ஊரான எல்லயில் மூடிய ஒரு விருந்தினர் விடுதி பழைய சாமான்களை விற்றபோது ஆறு வருடங்களுக்கு முன் வாங்கினேன். கண்ணாடிக்குள் சிவப்பு மெழுகு மெல்ல உருகி, மெல்ல மேலே போய், யோசித்து, மெல்லக் கீழே வரும். அவ்வளவுதான் அதன் வேலை. கண்ணுக்கு நல்லது என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். அதற்குமேல் யாரும் கேட்டதில்லை. நீங்கள் கேட்டீர்கள். இப்படிப்பட்ட விளக்கு வைத்திருப்பவர்களுக்கு இணையத்தில் ஒரு குழு இருக்கிறது என்றும் அதில் நான் வேறு பெயரில் எழுதுகிறேன் என்றும் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அன்றிரவுக்குள் புத்தளத்தில் இருக்கும் பெரியத்தை வரைக்கும் தெரிந்துவிட்டது. "யசோவுக்கு லாம்புல ஏதோ கிறுக்காமே, நேத்திக்கடன் எதுவும் வைக்கணுமா?" என்று அம்மாவிடம் கேட்டாராம்.

அதோடு விட்டிருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். நீங்கள் புது மாதிரி லாவா விளக்கு செய்து விற்கப் போகிறீர்கள் என்றும், மாதிரி ஒன்றை அனுப்புவதாகவும், ஆர்வலர்கள் என்ன விரும்புகிறார்கள் என்று நான் கேட்டு எழுத வேண்டும் என்றும் சொன்னீர்கள். நல்லது என்றேன். கொழும்பு பஸ்ஸில் பெட்டி வந்தது. நான் கீழே இறங்கி வருவதற்குள் அப்பா அதைப் பிரித்துக் கடைக் காட்சிப் பெட்டிக்கு மேலே வைத்துவிட்டார். விற்பனைப் பெட்டியின் மாதிரி அட்டையும் உள்ளே இருந்தது. அதில் என் பட்டமளிப்புப் படம். கீழே, "செல்வி யசோதினி, ஆர்வலர்களின் அங்கீகாரம் பெற்றது." சித்தப்பா, அன்றுவரை நான் எந்த ஆர்வலரிடமும் எதையும் கேட்டிருக்கவில்லை. அந்தப் படத்தில் என் தொப்பி வேறு சரிந்திருக்கிறது. இந்த நாட்டில் எத்தனை கடைகளில், எத்தனை தட்டுகளில், என் சரிந்த தொப்பி வரிசையாக நிற்கப் போகிறது என்று நினைத்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. பெயர் தெரியாமல், முகம் தெரியாமல், ஒரு மூலையில் இருப்பது ஒன்றுதான் நான் இந்த வாழ்க்கையிடம் கேட்டது.

இனி விளக்கு. ஏழு நிறம் மாறுகிறது, நேரம் காட்டுகிறது, போன் சார்ஜ் செய்கிறது, ப்ளூடூத்தில் பாடுகிறது. மெழுகு மட்டும் அசையவில்லை. அடியில் கட்டிச் சவர்க்காரம் போலப் படுத்துக் கிடந்தது. அப்பா உங்களுக்கு அழைத்தார். "இங்க சூப்பரா ஓடுதண்ணே, நீங்க பிளக்க சரியா குத்தலயாட்டம் இருக்கு" என்றீர்கள். எங்கள் அப்பா முப்பது வருடமாக மின்சாரச் சாமான் கடை வைத்திருப்பவர். உங்கள் வீட்டில் ஓடும்தான். மின்விசிறிக்குக் கீழே மனிதரே உருகுகிற ஊரில் மெழுகு உருகாதா? கரண்டு மிச்சம் பிடிக்கிறேன் என்று எல்இடி பல்ப் போட்டிருக்கிறீர்கள். அது வெளிச்சம் தரும், சூடு தராது. இங்கே விடியற்காலையில் தேங்காய் எண்ணெய்ப் போத்தலையே அடுப்பு ஓரத்தில் வைத்துத்தான் இளக்க வேண்டியிருக்கிறது. பண்டாரவளைக் குளிரை நீங்கள் மறக்கலாமா? பதினெட்டு வயதுவரை இங்கேதானே மூக்கு ஒழுகிக்கொண்டு திரிந்தீர்கள்?

அப்பாவுக்கு ரோசம் வந்துவிட்டது. நீங்கள் கேட்ட ஆர்வலர் கருத்தைத் தானே திரட்டுவதாக முடிவு செய்து, விளக்குக்குப் பக்கத்தில் ஒரு கொப்பியும் பேனாவும் வைத்து, தோட்டத்துப் பெரட்டில் காலையில் ஆள் நிறுத்துவது போல வந்தவர்களையெல்லாம் அதன்முன் வரிசையில் நிறுத்தினார். லுணுகலைப் பக்கத்தில் தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு இப்போது மகளோடு இங்கே இருக்கும் விஜயலெட்சுமி அக்கா ஒரு பிளக் வாங்க வந்தவர். அவரையும் நிறுத்தினார்.

"தங்கச்சி, கரண்டு போனா இது எரியுமா?"

"எரியாதுக்கா."

"அப்ப எதுக்கு?"

"பார்க்கிறதுக்கு."

"எதப் பார்க்கிறதுக்கு? அதுதான் படுத்துக் கெடக்கே. நம்ம வீட்டுலயும் ஒருத்தர் இப்படித்தான், நான் காசு குடுத்தா வாங்குனேன்?"

அப்பா அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து விளக்கு பேசியது. பக்கத்துத் துணிக்கடை ஹுமைத் நானா முந்திய நாள் பாட்டுப் போட்டுப் பார்க்கத் தன் போனை அதோடு இணைத்திருந்தார், கழற்ற மறந்துவிட்டார். இப்போது அவர் எங்கள் கடையில் ஸ்டூலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது, எடுத்தார், அவர் மனைவி ஷம்ராவின் குரல் விளக்கிலிருந்து கடை முழுக்க வந்தது.

"எங்க ஈக்கிறீங்க?"

"பதுளைக்கு பஸ் ஏறிட்டன்" என்றார் நானா, போனைக் காதில் வைத்துக்கொண்டு, ஏன் காதில் சத்தம் வரவில்லை என்று விளங்காமல்.

"பஸ்ஸுக்குள்ள ஆரு பல்ப் ஹோல்டர் வெல கேக்குற?"

விஜயலெட்சுமி அக்கா இரண்டடி பின்னால் போய் நின்று, "தங்கச்சி, உள்ளுக்கு ஆள் இருக்கா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். ஹுமைத் நானா அதன் பிறகு இரண்டு நாள் எங்கள் கடைப் பக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் வந்து கொப்பியில் தன் கருத்தை எழுதினார்: "வாயில்லாத லாம்பு வேண்டும்." சித்தப்பா, அந்தக் கொப்பியில் உள்ள ஒரே உருப்படியான கருத்து அதுதான்.

இதற்கிடையில் அம்மா விளக்குக்குக் கண்ணூறு பட்டிருக்கிறது என்று திருநீறு பூசி, அப்பாவின் கம்பளித் தொப்பியைக் கண்ணாடிக்கு மாட்டிவிட்டார். தூரத்திலிருந்து பார்த்தால் கல்லாவில் யாரோ சளி பிடித்து உட்கார்ந்திருப்பது போல இருந்தது, இரண்டு பேர் அதனிடம் சாமான் விலை கேட்டிருக்கிறார்கள். பிறகு இராசையா அண்ணாச்சி வந்தார். முப்பத்தொரு வருடம் தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்தவர். எதைக் கண்டாலும் முதலில் மோந்து பார்ப்பவர். விளக்கை மோந்தார், புறங்கையால் தொட்டார். "இதுக்கு சூடு பத்தலப்பா. கொழுந்து வாடாம ரோலர்ல போட்டா அரைபடுமா? கட்டிகட்டியாத்தான் நிக்கும். குடுங்க, பெக்டரிக்கு கொண்டு போறேன்" என்றார். நான் மாடியில் மூன்றாம் வகுப்புச் சுற்றாடல் புத்தகத்தில் ஆழ்ந்திருந்தேன். எனக்கு எதுவும் தெரியாது. ஒரு த்ரீவீலரில், தொப்பியும் அண்ணாச்சியின் சால்வையுமாக, விளக்கு தோட்டத்துக்குப் போயிருக்கிறது. இலை உலர்த்தும் ட்ரையர் பக்கத்தில் வைத்ததும் மெழுகு எழும்பியிருக்கிறது. எழும்பினால் சும்மாவா? அந்த ஷிப்டில் வேலை செய்தவர்கள் ஒவ்வொருவராக வந்து நின்றுவிட்டார்கள். ட்ரையருக்குள் கிடந்த ஒரு தட்டு இலை கருகிவிட்டது. தோட்டத்துத் தொரை ஓடி வந்து கத்தியதும் அண்ணாச்சி அதைக் கொதிக்கக் கொதிக்கச் சால்வையில் சுற்றி, அந்த ரோட்டில், அந்தக் குழிகளில் குலுக்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

சூடாக இருக்கும் லாவா விளக்கை அசைக்கக் கூடாது. எங்கள் குழுவில் புதிதாகச் சேரும் சிறு பிள்ளைக்கும் முதலில் சொல்லிக்கொடுப்பது அதுதான். உள்ளே இருந்த நீர் கலங்கிப் பால்டீ ஆகிவிட்டது. ஹுமைத் நானா எட்டிப் பார்த்து, "சீனி போட்டா குடிக்க ஏலும்" என்றார். நான் அழவில்லை. மாடிக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். ஆனால் கதவைச் சாத்தி என்ன பயன், வருகிற ஒவ்வொருவரையும் "உண்மையான லாம்பு மேல இருக்கு, யசோகிட்ட பார்த்துட்டு வாங்க" என்று அப்பா ஏற்றிவிட்டார். நான்கிலிருந்து ஐந்துவரை என்பது என் வாழ்க்கையிலிருந்து காணாமல் போனது. ஒரு நாள் பதினோரு பேர். என் கட்டிலில் உட்கார்ந்தே பார்த்தார்கள்.

ஒரு வாரம் ஆடாமல் வைத்திருந்ததில் நீர் தெளிந்தது. அப்பாவுக்கு மறுபடி ஊக்கம் வந்துவிட்டது. முந்தாநாள் நான் மெய்ப்புக் கட்டைத் தபாலில் சேர்க்கப் போயிருந்த நேரம், என் அறைக்குள் போய், என் விளக்கின் அடியிலிருந்த பல்ப்பைக் கழற்றி உங்கள் விளக்கில் மாட்டிவிட்டார். பழைய காலத்துக் குண்டு பல்ப், சித்தப்பா. சூடு தருவது. எல்லயில் விளக்கோடு கிடைத்த இரண்டில் மிச்சமிருந்த கடைசி ஒன்று. அது இப்போது எங்கள் கடையிலேயே கிடையாது, எல்லாம் எல்இடி. கேட்டால், "ஒனக்கு மேல யாரு பார்க்கிறாங்க? கீழ இருந்தா நாலு பேரு பார்ப்பாங்க" என்றார். யாரும் பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான் மேலே வைத்திருந்தேன் என்பதை இந்த வீட்டில் எந்த மொழியில் சொல்வது? இப்போது என் விளக்கு இருட்டாக நிற்கிறது.

ஆர்வலர்கள் என்ன விரும்புகிறார்கள் என்று கேட்டீர்கள். விளக்குக் குழுவில் கேட்டேன், உண்மையாகவே கேட்டேன், பதில்களை எழுதுகிறேன். உயரமான கண்ணாடி வேண்டும், மெழுகு போக நேரம் எடுக்கும்படி. மேசை ஆடினால் சாயாத கனமான அடி வேண்டும். தேய்ந்தால் மாற்றக்கூடிய, சூடு தரும் பல்ப் வேண்டும். ஒரே நிறம் போதும், அது வெளுக்காமல் இருந்தால். குளிர் நாட்டில் இருக்கிற ஒருவர், சூட்டைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகி கேட்டார். அதை நீங்கள் பண்டாரவளைக்காகவாவது வைக்க வேண்டும். நேரம் காட்டக் கூடாது என்று எல்லாரும் சொன்னார்கள். நேரத்தை மறக்கத்தானே அதை வாங்குகிறோம். பாட்டு வேண்டுமா என்று கேட்டதற்கு மூன்று பேர் என்னைத் திட்டினார்கள். ஒரு பெரியவர் எழுதினார்: அது எதற்கும் உதவக் கூடாது, உதவ ஆரம்பித்தால் வீட்டில் யாராவது வந்து கேட்டுவிடுவார்கள். இதைவிட நான் சொல்ல ஒன்றுமில்லை.

ஆகவே என் முடிவு. ஒன்று, உங்கள் விளக்கை நாளைக் காலை கொழும்பு பஸ்ஸில் திருப்பி அனுப்புகிறேன். இரண்டு, பெட்டியிலிருந்து என் பெயரும் படமும் போக வேண்டும், நான் எதையும் அங்கீகரிக்கவில்லை. இந்த இரண்டிலும் பேச்சுக்கு இடமில்லை.

சித்திக்கு என் அன்பு. தம்பிகள் நன்றாகப் படிக்கட்டும். உங்கள் தொழில் செழிக்க, நான் சம்பந்தப்படாத விதத்தில் செழிக்க, கதிர்காமக் கந்தனை வேண்டிக்கொள்கிறேன்.

என்றும் உங்கள் மரியாதையுள்ள மகளாக இருக்க முயலும்,
யசோதினி

பி.கு.: கடிதத்தை முடித்துவிட்டு, பொதி கட்டுவதற்காக நாலேகாலுக்குக் கீழே போனேன். என் பல்ப்பில் உங்கள் விளக்கு ஓடிக்கொண்டிருந்தது. அப்பா, இராசையா அண்ணாச்சி, ஹுமைத் நானா மூவரும் அதன்முன் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அம்மா. எங்கள் அம்மா பகலில் உட்கார்ந்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்த சத்தம் எனக்கே கேட்டது, அவர் திரும்பவில்லை. பிளக்கில் கை வைத்தேன். "தொட்டியோ, கைய ஒடைச்சுருவேன்" என்றார் அம்மா, கண்ணை எடுக்காமலே.

நான் மாடிக்கு வந்துவிட்டேன். கதவைச் சாத்தினேன். ஐந்து மணிவரை யாரும் தட்டவில்லை. பார்க்க வேண்டியவர்கள் எல்லாரும் கீழே இருந்தார்கள். எரியாத என் விளக்கின் முன் உட்கார்ந்திருந்தேன், படுத்துக் கிடக்கும் மெழுகும் அப்படியொன்றும் மோசமில்லை.

ஆகவே மேலே எழுதிய இரண்டையும் அடித்துவிடுங்கள். விளக்கு இங்கேயே இருக்கும். பெட்டியில் பெயரும் படமும் இருக்கட்டும், ஆனால் அம்மாவுடையது. கேட்டதற்கு மறுக்கவில்லை, எந்தச் சேலை என்றுதான் கேட்டார். பச்சை என்று எழுதச் சொல்கிறார், பச்சைச் சேலையில் எடுத்த அவர் படத்தை உள்ளே வைத்திருக்கிறேன். ஆர்வலர்கள் விரும்புவதில் ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: வீட்டுக்கு இரண்டு விளக்கு வேண்டும், ஒன்று வீட்டில் உள்ளவர்களைக் கீழே உட்கார வைப்பதற்கு. கொழும்பில் எங்காவது குண்டு பல்ப் கண்டால் ஒன்று அனுப்புங்கள். என் பெயருக்கு. அப்பா பெயருக்கு வேண்டாம்.